செம்பருத்தியும் கலர் பிக்கரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் செம்பருத்தியைப் பித்தளைச் சொம்பில் வைத்து, போனில் படம் பிடித்து, அதைப் பார்த்து டேப்லெட்டில் வரைந்தேன். படத்தை இணைத்திருக்கிறேன். போட்ட கோட்டை ஒரே தட்டில் நீக்கும் அன்டூ இருக்கும்போது இதெல்லாம் ஓவியமா என்கிறார் மாமா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எந்தச் செயலி நல்லது?

க.

அன்புள்ள க.,

மாமாவை விடுங்கள். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2009லேயே ஐபோனில் விரலால் பூ வரைந்து, காலையில் நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். செயலிக்குக் கிரிட்டா போதும், இலவசம்.

சொம்பு அருமை. கழுத்து வளைவில் ஜன்னல் வெளிச்சம் இழுபட்டுத் தெரிகிறதே, அந்த ஒரு இடத்துக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பூ? பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் முழுக்க ஒரே சிவப்பு. தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துத் தரும் கலர் பிக்கரைப் போட்டோவின் மேல் வைத்து எடுத்த சிவப்பு அது.

கேமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து அளக்கிறது. செம்பருத்தி மாதிரிப் பூவில் சிவப்பு சீக்கிரமே உச்ச அளவான 255ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேலுள்ள ஏற்ற இறக்கம் பதிவாகாது. இதழின் நரம்பு போயிற்று, விளிம்பு மடிப்பு போயிற்று. பூ கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் போனைப் பார்த்து வரைகிறீர்கள். என்ன நியாயம் இது?

புதுச்சேரியில் இருந்த காலத்தில் விடியற்காலையில் பெரிய மார்க்கெட் பூக்கடைகளுக்குப் போவேன். வரைவதற்குக் கோழிக்கொண்டை கேட்டால், கடைக்கார அம்மா நல்லதைத் தள்ளிவிட்டு முற்றின ஒன்றை எடுத்துத் தருவார். "இதுலதாம்பா எல்லாம் தெரியும்" என்பார். உண்மைதான். உச்சியில் அடர்சிவப்பு மடிப்புகள். கீழே வர வர வெளிறி, காம்பருகே ரோஸ். அங்கே விரலால் தட்டினால் பளபளப்பான கருப்பு விதைகள் காகிதத்தில் உதிரும். எந்தப் போட்டோவைத் தட்டினால் விதை உதிரும்?

டச்சு ஓவியர் யான் வான் ஹைசம், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படத்தை முடிக்க முடியவில்லை என்று 1742ல் கடிதம் எழுதினார். வாழ்நாளெல்லாம் பூ வரைந்த கை அது. மனதிலிருந்தே ஒரு ரோஜாவைப் போட்டிருக்கலாம். போடவில்லை, பூவுக்காகக் காத்திருந்தார். உங்களுக்குக் கொல்லைப்புறத்திலேயே பூத்துக் கிடக்கிறது.

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் போட்டோவை அழித்துவிடுங்கள். செம்பருத்தி ஒருநாள் பூ, சாயங்காலம் சுருண்டுவிடும். காலையில் பறித்து எதிரே வைத்து வரையுங்கள். மதியம் புது லேயர், அதாவது படத்தின் மேல் இன்னொரு கண்ணாடித்தாள் மாதிரி ஓர் அடுக்கு, திறந்து, அதே பூவை மறுபடி வரையுங்கள். காலை லேயரைத் திருத்த வேண்டாம். இந்த வசதி எண்ணெய் வண்ணக்காரனுக்குக் கிடையாது, உங்களுக்கு இருக்கிறது. நிறத்தைக் கண்ணால் பார்த்து நீங்களே கலந்து எடுங்கள். தப்பினால் தப்பட்டும், அன்டூ எதற்கு இருக்கிறது?

சுருண்ட பிறகும் ஒன்று வரைந்து, மூன்றையும் எனக்கு அனுப்புங்கள்.