கணக்கியல் படிக்கும் பிள்ளைக்குக் கலை வரலாறு எதற்கு?

மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துக் கணக்கியல் படிக்கப் போகும் உங்கள் மகள், விருப்பப் பாடங்களாக எழுத்துக்கலை, இசை, கலை வரலாறு ஆகிய மூன்றையும் எடுக்க நினைப்பதாகவும், தோட்டத்திலிருந்து போகும் பிள்ளைக்கு இவை காலவிரயம் இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள், ஐயா. நான் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவன். அம்மா பால்மரம் வெட்டினார். கணக்கியல் பட்டப்படிப்பின்போது இதே மூன்று பாடங்களையும் நானும் எடுத்தேன். உங்கள் மகள் தயங்காமல் எடுக்கட்டும்.

முதலில் எழுத்துக்கலையைச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் அதுதான் வாசல். வீட்டுக்கு அருகிலுள்ள ஏதேனும் ஒரு பொருளை 300 சொற்களில் வருணிக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தரப்பட்ட முதல் பயிற்சி. எங்கள் தோட்டத்து முனியாண்டி சிலையைப் பற்றி, கம்பீரமான தோற்றம், அருள் பொழியும் கண்கள் என்று மலாயில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் 'கம்பீரமான' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்?" என்று விரிவுரையாளர் கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. பிறந்தது முதல் கும்பிட்டு வந்த சிலையை நான் ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு சிலையின் முன் நின்றேன். கற்பூரத் தட்டு இடித்து இடித்து வலது கால் பெருவிரலில் சாயம் பெயர்ந்திருந்தது. மேலே நீலம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே செங்கல் நிறம், எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறச் சிமெண்டு. அம்மாவிடம் கேட்டபோது, பச்சை அடித்தது நான் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த ஆண்டுத் திருவிழாவுக்கு என்றும், செங்கல் நிறம் தாம் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தபோதே இருந்தது என்றும் சொன்னார். அந்தப் பெருவிரலைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை.

அடுத்த ஆண்டு கலை வரலாற்று வகுப்பில் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றுப் பாதை ஓவியங்களைத் திரையில் காட்டினார்கள். நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்து கிடந்ததையும், அதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்ததையும் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஒரு பூச்சுக்கு அடியில் இன்னொரு காலம் இருக்கிறது என்பதை நான் முனியாண்டியின் காலடியில் முன்பே பார்த்துவிட்டேன். அதனால் அந்தப் பாடம் தொலைதூரத்து மன்னர்களின் கதையாக எனக்குப் படவில்லை.

இசைப் பாடம் எனக்குக் கடினமாக இருந்தது. சுற்றுவட்டாரத்து ஓசை ஒன்றைக் கேட்டுக் குறிப்பாக எழுத வேண்டும் என்றார்கள். தைப்பூசத்தில் காவடிக்கு உறுமி வாசிக்கும் என் மாமாவிடம் போனேன். உறுமியின் ஒரு முகத்தில் விழும் அடியை மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதிவிடலாம். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் ஒரு சுருதியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். அதைக் கோட்டுக்குள் அடக்க முடியவில்லை. அதற்கென ஒரு வளைகோட்டை நானே வகுத்து, விளக்கக் குறிப்போடு தரும்படி விரிவுரையாளர் அனுமதித்தார். இதற்காக அவரோடு உட்கார்ந்த இரண்டு மாலைப் பொழுதுகளில் மாமா முழங்காலில் தட்டியபடி வாய்ச்சொற்களாகவே அடிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். ஏட்டில் இல்லாத ஒரு முழுப் பாடத்திட்டம் அவரிடம் இருந்திருக்கிறது, கேட்பார்தான் இல்லை.

இவற்றை வலியுறுத்துவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்டபோது கோயிலும் இடம் மாறியது. புதிய கோயிலுக்குப் புதிய சிலை வந்தது. பழைய சிலையைப் பற்றி இன்று எழுத்தில் இருப்பது என்னுடைய அந்த இரண்டு பக்கங்கள் மட்டுமே. நம் தோட்டங்களிலிருந்து போகும் பிள்ளைகளில் இன்னும் பத்துப் பேருக்கு இப்படி எழுதும் பயிற்சி கிடைத்திருந்தால், எத்தனையோ கோயில்களின், மேளங்களின் விவரம் இன்று நம் கையில் இருந்திருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு எப்போதும் உண்டு.

வேலைக்கு உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தணிக்கை அறிக்கை எழுதும்போது "எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்?" என்ற அதே கேள்வியைத்தான் ஒவ்வொரு வரியிலும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். நம் நாட்டுத் தகுதி முறையில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். ஆகவே 3 கிரெடிட் பாடம் 120 மணி நேரத்தைக் கேட்கும், அதில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே செலவாகும். 14 வாரப் பருவம் ஒன்றில் வரிவிதிப்பும் தணிக்கையும் இருந்தால், அதே பருவத்தில் இசையைச் சேர்க்க வேண்டாம். முதலாண்டில் எழுத்துக்கலை, அடுத்து கலை வரலாறு, பிறகு இசை என்ற வரிசை எனக்குப் பொருந்தியது. கட்டுரையைத் திருத்தித் திருப்பித் தருவார்களா என்று முன்கூட்டியே மூத்த மாணவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். திருத்தம் இல்லாத எழுத்து வகுப்பில் சேர்வதைவிட நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம்.

பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால், கெடாவில் மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மகளை அழைத்துச் செல்லுங்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த சண்டிகள் எனப்படும் பழங்காலக் கோயில் எச்சங்கள் சிலவற்றைப் பெயர்த்து வந்து அங்கே மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். புக்கிட் பத்து பகாட் சண்டி மட்டும் தான் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதன் மண்டபத்தில் தூண்கள் இல்லை, தூண்களைத் தாங்கிய கல் ஆதாரங்கள்தான் உள்ளன. அறிவிப்புப் பலகையை வாசிப்பதற்கு முன் அந்தக் கற்களை எண்ணி, அவற்றின் மேல் என்ன நின்றிருக்கும், கூரை எதனால் ஆகியிருக்கும் என்று அரைப் பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.