கனவில் வரும் அப்பாவோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடியுமா?

கேள்வி: வயது 44. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய், காலை ஒன்பதரைக்குத் திரும்பி ஒரு தூக்கம் போடுவேன். போன வருடம் தவறிய அப்பா அந்தத் தூக்கத்தில் வருகிறார். கடையில் மல்லிகை நிறுத்துக்கொண்டிருப்பார். ‘இது கனவு’ என்று எனக்கே தெரிகிறது, ஆனால் தெரிந்த நொடியே விழித்துவிடுகிறேன். இது மனக்கோளாறா? இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு இருக்க வழி உண்டா?

பதில்: கோளாறு இல்லை. கனவு என்று தெரிந்தே காணும் இந்தக் கனவுக்கு லூசிட் ட்ரீம் என்று பெயர். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்ணை இடவலமாக அசைத்துச் சைகை காட்டினார். ஆய்வாளர் கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். தூங்கும்போதே ‘இது கனவு’ என்று உணர முடியும் என்பதற்கு அது சாட்சி.

உங்களுக்குக் காலைத் தூக்கத்தில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட கனவுகள் பெரும்பாலும் ‘ரெம்’ உறக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தில் வருபவை. அது விடியலை ஒட்டித்தான் நீளும். நீங்களோ அதற்கு முன்பே எழுந்துவிடுகிறீர்கள். பாக்கி நின்ற அந்த உறக்கத்தைத்தான் உடம்பு காலையில் வசூலிக்கிறது.

கலைவதற்குப் பெரும்பாலும் பரபரப்புதான் காரணம். அப்பாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றும், தெரியும். முதலில் நில்லுங்கள். கனவிலேயே இரண்டு உள்ளங்கைகளையும் தேயுங்கள். கூடையில் கைவிட்டு மொட்டுகளின் ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள். நானும் இப்படித்தான் ஒருமுறை தப்பித்தேன். வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் மேலே நடந்து மைய மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கனவு என்று புரிந்ததும் எல்லாம் மங்கியது. மண்டபப் படிக்கல்லைத் தடவினேன், சொரசொரப்பு விரலில் தெரிந்தது, காட்சி மறுபடி துலங்கியது. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடிக்கடி பலிக்கிறது.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது: தராசு. கனவில் எழுத்தும் எண்ணும் நிலைத்து நிற்பது அபூர்வம். கடையில் எடை போடும்போது அவ்வப்போது எண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணை எடுத்து, மறுபடி பாருங்கள். ‘இப்போது விழித்திருக்கிறேனா?’ என்று நிஜமாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் கனவிலும் தொடரலாம். அங்கே எண் மாறியிருந்தால், பதறாமலே தெரிந்துகொள்வீர்கள். படுக்கும்போது ‘அப்பா வந்தால் கனவு என்று தெரிந்துகொள்வேன்’ என்று மனசுக்குள் சொல்லியபடி கண்ணயருங்கள்.

சில நாள் விழித்தபின் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கலாம். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். ரெம் உறக்கத்தில் உடம்பு தசைகளைக் கட்டிவைக்கும், அந்தக் கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான். மூச்சைக் கவனித்தபடி விரல் நுனியை அசைக்கப் பாருங்கள், விலகிவிடும்.

ஆனால் இதற்காக அலாரம் வைத்துத் தூக்கத்தை உடைக்காதீர்கள். ஏற்கனவே துண்டு துண்டாகத் தூங்குகிறவர் நீங்கள், ராத்திரி இருட்டில் வண்டி வேறு ஓட்டுகிறீர்கள். இரண்டு தூக்கமும் சேர்த்து ஏழு மணி நேரமாவது வேண்டும். பகலில் எது நிஜம், எது கனவு என்று குழம்பினால் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு.

அப்புறம், விழிப்பு வந்துவிட்டாலும் உடனே புரளாதீர்கள். கண் திறக்காமல், அதே பக்கம் படுத்தபடி, அப்பா நின்ற இடத்தை நினையுங்கள். சில நேரம் விட்ட இடத்திலிருந்தே கனவு தொடரும். தொடராவிட்டால், தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்து அவர் சொன்னதை உடனே எழுதிவிடுங்கள். கொஞ்ச நேரம் போனாலே நிறைய மறந்துவிடும்.