டிடிஎஸ் 30 காட்டினால் மறுசுழற்சி நீரில் பாக்டீரியா இல்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. காட்பாடியில் உங்கள் அடுக்குமாடியில் கழிவுநீரை அல்ட்ரா ஃபில்டர், ஆர்.ஓ., புற ஊதா விளக்கு என்று மூன்று கட்டம் தாண்டி எடுக்கிறார்கள், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பின் அளவு) மீட்டரில் 30 வருகிறது, அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராணிப்பேட்டைப் பக்கம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பாகிப்போன ஊர் நம்முடையது. அதனால் இங்கே எல்லோருக்கும் டிடிஎஸ் மீட்டர் மேல்தான் நம்பிக்கை. ஆனால் அது காட்டுவது உப்பை மட்டும்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆர்.ஓ.வுக்குள் போகும் நீரில் டிடிஎஸ் 1500, ஒரு மில்லி லிட்டரில் 10,000 பாக்டீரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓ-ரிங் (இணைப்பில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து ஆயிரத்தில் ஒரு பங்கு நீர் வடிகட்டப்படாமல் கலந்தால், 30 என்பது 31.5 ஆகும். யார் கவனிப்பார்கள்? ஆனால் ஒவ்வொரு லிட்டரிலும் 10,000 பாக்டீரியா வந்துவிடும்.

சரி, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கலாமே என்றால், மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் முடிவுக்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் அந்த நீர் குழாயில் போய்விடும். ஆய்வகத் தட்டில் வளர்வதும் நீரில் உள்ள பாக்டீரியாவில் மிகச் சிறு பங்குதான். இதனால்தான் பெரிய நிலையங்களுக்காக, நீர் ஓடும்போதே எண்ணும் கருவிகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். லேசர் ஒளி பட்டதும் பாக்டீரியா ஒளியைச் சிதறடிக்கும், தானாகவும் லேசாக ஒளிரும். அதை வைத்துக் கருவி எண்ணுகிறது. நோய்க்கிருமியா, சாதாரணமானதா என்று அது பிரித்துச் சொல்லாது. வழக்கமான எண்ணிக்கை திடீரென ஏறினால் உடனே தெரியும், அதுதான் பெரிய பலன். ஈ.கோலை சோதனையை அதற்காக விட்டுவிடவும் கூடாது.

உங்கள் குடியிருப்புக்கு அந்தக் கருவி கட்டுப்படியாகாது. கழிவறைக்கும் செடிக்கும் மட்டும் பயன்படுத்துவதென்றாலும், மாதிரியை ஒரே இடத்தில் எடுக்க விடாதீர்கள். ஆர்.ஓ. கடந்த நீரில் குளோரின் மிச்சம் அவ்வளவாக இருக்காது. அப்புறம் தொட்டியிலும் குழாயிலும் பாக்டீரியா மறுபடி பெருகும். ஆர்.ஓ.வை ஒட்டி ஒன்று, தொட்டியில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று என்று எடுக்கச் சொல்லுங்கள். குளோரின் சேர்த்த நீர் என்றால் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் போட்ட, கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.