நண்பர்களோடு வீடெடுத்துத் தங்கிப் படித்தால் உண்மையில் எவ்வளவு செலவாகும்?

பெருநகரத்தில் கல்லூரியில் சேரவிருக்கும் நீங்கள், மூன்று நண்பர்களோடு சேர்ந்து வீடெடுத்தால் விடுதியைவிடச் செலவு குறையுமா, வாடகையை நான்கால் வகுத்து வரும் தொகையை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்த காலத்தில் பெரும்பகுதியை இப்படிப்பட்ட வீடுகளில் கழித்த அனுபவத்தில் சொல்கிறேன்: செலவு குறைய வாய்ப்பு உண்டு; ஆனால் நான்கால் வகுத்த தொகையை மட்டும் நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

முதலில் மாதக் கணக்கை விட்டு ஆண்டுக் கணக்குக்கு வாருங்கள். விடுதிக் கட்டணம் பல இடங்களில் கல்வியாண்டுக்கு மட்டுமே வாங்கப்படுகிறது; வீட்டுக்கோ பெரும்பாலும் ஆண்டின் 12 மாதங்களுக்கும் வாடகை கட்ட வேண்டியிருக்கும். விடுமுறைக்காக 2 மாதங்கள் ஊருக்குப் போனாலும் வாடகை நிற்காது என்பதால், நீங்கள் குடியிருக்கும் 10 மாதங்களுக்கு அதைக் கணக்கிட்டால் மாத வாடகை சொன்னதைவிட 20 விழுக்காடு கூடுதலாகவே இருக்கும். மின்சாரம், தண்ணீர், சமையல் எரிவாயு, இணையம், பராமரிப்புக் கட்டணம், தரகு, குடிபுகும்போது வாங்கும் கட்டில், மெத்தை, பாத்திரங்கள் ஆகியவற்றை இதனோடு சேர்த்த பிறகுதான் விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். முன்பணம் திரும்பி வரக்கூடியது என்றாலும், அதைக் கடன் வாங்கிக் கொடுத்திருந்தால் வட்டியும் வீட்டுச் செலவுதான். தொலைவில் உள்ள வீட்டின் வாடகை குறைவாக இருந்தால், பேருந்துக் கட்டணத்தையும் பயணத்தில் போகும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இவையெல்லாம் முன்கூட்டியே தெரியும் செலவுகள். கூட்டாகக் குடியிருப்பதில் மிகப் பெரிய செலவு, ஒருவர் பாதியில் வெளியேறும்போது வருவது. நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முழு வாடகைக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்பதாக அதில் எழுதியிருந்தால், ஒருவருடைய பாக்கியை மற்றவர்களிடம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. நான்கில் ஒரு பங்கு மூன்றில் ஒரு பங்காகும்போது, மீதமுள்ள ஒவ்வொருவரின் செலவும் மூன்றில் ஒரு மடங்கு உயர்கிறது. எங்களோடு இருந்த ஒருவர் தேர்வு நெருங்கிய நேரத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கிடைத்த வேலையை யாரால் விட முடியும்? ஆனால் புதியவர் வரும்வரை அவருடைய பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்ததால், எங்களில் வசதி குறைந்த நண்பர் அந்த வாரங்களில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுத்திருக்கிறார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. ஆகவே யார் வெளியேறினாலும் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், மாற்று ஆளைத் தேடுவது யார் பொறுப்பு, அதுவரை வாடகையை யார் கட்டுவது, அவருடைய முன்பணப் பங்கை யார் எப்போது தருவது என்பவற்றை நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. உரிமையாளர் ஒவ்வொருவரோடும் தனி ஒப்பந்தம் போட இசைந்தால், வாடகை சற்றுக் கூடினாலும் அதையே நான் பரிந்துரைப்பேன்.

அறைகள் ஒரே அளவில் இல்லாதபோது வாடகையைச் சமமாகப் பிரிப்பது நியாயமாகாது. இருவருக்கு இரண்டு அறைகள் என்றால் வழி எளிது: ஒருவர் மொத்த வாடகையை இரு அறைகளுக்கும் பிரித்து விலை வைக்க வேண்டும், மற்றவர் தமக்கு வேண்டிய அறையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அறைகள் கூடினாலும், சில எளிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, யாரும் பிறர் அறையைப் பார்த்து ஏங்காத ஒரு பங்கீடு கட்டாயம் இருக்கும் என்று கணிதவியலர் பிரான்சிஸ் சூ 1999-இல் நிறுவிக் காட்டினார். நடைமுறையில், ஒவ்வொருவரும் மொத்தத் தொகையை அறைவாரியாகப் பிரித்துத் தனித்தனியே எழுதிக் கொடுத்த பிறகு பேசினாலே பெரும்பாலான சண்டைகள் தவிர்ந்துவிடும். ஓர் அறையில் மட்டும் குளிரூட்டியோ சூடேற்றியோ இருந்தால், அதற்குத் துணை மீட்டர் பொருத்திவிடுங்கள்.

குடிபுகும் அன்று, பொருள்களை உள்ளே கொண்டுவரும் முன்பே, மின் மீட்டரின் அளவையும், சுவரின் ஈரக்கறையையும், விரிசல் விட்ட சுவிட்சுப் பலகையையும், கசியும் குழாயையும் தேதி தெரியுமாறு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்யப்படுவது பல நேரங்களில் இந்தப் பழைய பழுதுகளுக்காகத்தான்; படங்கள் அவரிடம் முன்பே இருந்தால் அந்தப் பேச்சே எழாது.