காரில் கேட்ட குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2002 முதல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறேன். வேலை நிமித்தம் பாதி நாள் காரில்தான் போகும். வந்த புதிதில், ஆங்கிலம் காதுக்குப் பழகட்டும் என்று ரேடியோவைப் போட்டு வைப்பேன். அப்படிக் கிடைத்தவர் ரஷ் லிம்பா, வலதுசாரி அரசியல் பேசும் வானொலித் தொகுப்பாளர். பகல் 11 மணி ஆனால் கை தானாகவே அந்த நிலையத்துக்குப் போகும். 2021 பிப்ரவரி 17 அன்று அவர் குரலுக்குப் பதிலாக அவர் மனைவி கேத்ரின் பேசினார், ரஷ் இறந்துவிட்டார் என்று. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "நம்மை மாதிரி பிழைக்க வந்தவர்களைக் கண்டால் ஆகாத ஆளுக்கா அழுதாய்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நான் அழுதது தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தவறே இல்லை. அரசியலில் நான் உங்கள் நண்பரின் பக்கம். அதனால்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் கேட்டது லிம்பாவின் கருத்துகளைப் பற்றி. நீங்கள் இழந்தது 19 வருடம் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு குரலை. பாட்டெல்லாம் எஃப்.எம்.முக்குப் போனபின் பழைய ஏ.எம். வானொலி நிலையங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சர்ச்சைக்குரிய விஷயத்தில் ஒலிபரப்பு நிலையங்கள் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை அமெரிக்க அரசு 1987இல் நீக்கியது. மறு வருடம் ஆகஸ்டில் லிம்பாவின் குரல் நாடு முழுக்கக் கேட்கத் தொடங்கியது. தினமும் மூன்று மணி நேரம், பெரும்பாலும் விருந்தினர் யாரும் கிடையாது. அவர் பேச்சும் நேயர்களின் தொலைபேசி அழைப்புகளும்தான். லாரி ஓட்டுபவர், டிராக்டரில் இருப்பவர், பட்டறையில் தனியாக நிற்பவர் எல்லாருக்கும் அது பேச்சுத்துணை. தொண்ணூறுகளில் சில உணவகங்கள் அவர் நிகழ்ச்சியைக் கேட்டபடி மதியச் சாப்பாடு சாப்பிட 'ரஷ் ரூம்' என்று தனி அறையே வைத்தன. ஊருக்குப் புதிதாக, தனியாக வந்த உங்களுக்கு அந்தக் குரல் ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அவரைப் பற்றி என் மனதில் நிற்பது 2001. அந்த ஆண்டு அவருக்குக் காது கேட்காமல் போனது. அழைப்பவர்கள் சொல்வதை உதவியாளர்கள் தட்டச்சு செய்ய, திரையில் படித்துப் பதில் சொன்னார். வருடக் கடைசியில் செவிக்குள் கருவி பொருத்தும்வரை, தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காமல் லட்சக்கணக்கானவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் கேட்கத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம். இதை எத்தனை முறை யோசித்தாலும் அந்த மனிதர்மேல் மரியாதை வருகிறது.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். எய்ட்ஸால் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கேலிப் பகுதியாக ஒலிபரப்பியவர் அவர். பார்க்கின்சன் நோயாளியான நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நோயின் பாதிப்பை மிகைப்படுத்தி நடிக்கிறார் என்று 2006இல் சொன்னார். கருத்தடைக்குக் காப்பீடு வேண்டும் என்று பேசிய சட்ட மாணவியை 2012இல் மூன்று நாள் கேவலமாகப் பேசினார். விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கியபின்தான் மன்னிப்பு வந்தது. அந்தக் குரலால் காயம்பட்டவர்கள் அவர் சாவுக்கு அழாததில் நியாயம் இருக்கிறது. உங்கள் நண்பரின் கோபத்திலும் இருக்கிறது. துக்கப்படுகிறோம் என்பதற்காக நீங்கள் இதையெல்லாம் இல்லை என்று வாதாட வேண்டாம். இதெல்லாம் உண்மை என்பதற்காகக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெட்கப்படவும் வேண்டாம். வீட்டில் வாய்த்துடுக்கான பெரியப்பா செத்தால் நாம் அழுவதில்லையா? அவர் யாரை என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியும்தானே.

நண்பரிடம் மறுபடி பேசுங்கள். லிம்பாவின் அரசியலை விட்டுவிட்டு, 2002இல் அந்தக் காரில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அதை அவரிடம் இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று 2020 பிப்ரவரியில் அவரே ஒலிபரப்பில் அறிவித்தார் அல்லவா? அந்த டிசம்பர் 23 அன்று, தான் இந்நேரம் உயிரோடு இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி, நேயர்களுக்கு நன்றி சொன்னார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த நன்றி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்.