பஸ்ராவிலிருந்து வந்த பழைய படங்களைப் படிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் உள்ளது. என் பாட்டியின் தகப்பனார் முதல் உலகப் போரில் இராக்கின் பஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவர் என்று வீட்டில் சொல்வார்கள். டிரங்குப் பெட்டியில் சில புகைப்படங்களும் ஒரு வெள்ளிப் பதக்கமும் கிடைத்துள்ளன. ஒரு படத்தில் அவர் சீருடையில் நிற்கிறார். மற்றவற்றில் படகுகளும் கூடாரங்களும் தெரிகின்றன. அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதை இவற்றைக் கொண்டு கண்டறிய முடியுமா? படங்களை லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: படங்களை அப்படியே வைத்துவிட்டு, முதலில் பதக்கத்தைக் கையில் எடுங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபக்கம் ஆடையற்ற குதிரைவீரனின் உருவமும் 1914, 1918 என்ற ஆண்டுகளும் இருந்தால், அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்து மெல்லச் சுழற்றினால், சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய ஆங்கில எழுத்துகளில் தெரியும். அது வெள்ளியில் இருப்பதும் ஒரு தடயமே. ஏனெனில் தொழிலாளர் படையினருக்கு இதே பதக்கம் வெண்கலத்தில்தான் வழங்கப்பட்டது. படைப்பிரிவின் பெயர் ‘எஸ் அண்ட் எம்’ (சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பொறியியல் பணிப் படை) என்று முடிந்து, அதன் முன்னால் 2 என்ற எண் இருந்தால், அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் பிரிவைச் சேர்ந்தவர். மாறாக, 61ஆம் பயனியர்ஸ் என்று இருந்தால் பஸ்ரா கதையைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத் தாக்குதலில் இருந்தது. எந்தக் கடல் தாண்டிப் போனாலும் ‘பஸ்ரா’ என்றே சொல்லிவிடும் வழக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு.

அடுத்து, அவர் நிற்கும் படம். பின்னணியில் தூணும் திரைச்சீலையும் வரையப்பட்டிருந்தால் அது ஸ்டூடியோப் படம். கப்பல் ஏறுமுன் இந்தியாவிலேயே எடுத்ததாகவும் இருக்கலாம். தலையில் விளிம்பில்லாத, உயர்ந்து நிற்கும் கருநிறத் தலைப்பாகை இருந்தால் அது மதராஸ் சாப்பர்களின் அடையாளமாகும். கைப்பட்டையில் மூன்று கோடுகள் இருந்தால் அவில்தார், இரண்டு இருந்தால் நாயக். ஆனால் தோளுக்குக் கீழே துணியால் தைத்த வண்ணச் சின்னம் தெரிந்தால் காலத்தையே மறுபடி யோசியுங்கள்: 1941 ஏப்ரலில் இந்தியப் படை மீண்டும் பஸ்ராவில் இறங்கியது, அந்தப் படம் அவருடைய மகனுடையதாகக்கூட இருக்கலாம். படத்தின் பின்புறத்தையும் தவறாமல் பாருங்கள். அது அஞ்சலட்டையாக அச்சிடப்பட்டு, ‘ஐ.இ.எஃப்.’ (இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்) என்று மேலச்சிட்ட இந்தியத் தபால் தலை ஒட்டியிருந்தால் அது கடல் கடந்த இந்தியப் படையின் தபால். அந்தப் படைகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டிருந்தனர். ‘ஏ’ பிரான்சுக்கும் ‘டி’ மெசபடோமியாவுக்கும் (இன்றைய இராக்) உரியவை.

படகுப் படங்களில்தான் பலர் இடறுகிறார்கள். வட்டமான கூடை போன்ற படகைக் கண்டதும், நம் காவிரிப் பரிசல் என்று எண்ணி அந்தப் படத்தை ஒகேனக்கல் படமாக ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. அது பாக்தாத் பக்கத்து ‘குஃபா’வாக இருக்கலாம்: பரிசலைவிட ஆழமானது, விளிம்பு உள்நோக்கி வளைந்தது, வெளியே தார் பூசியது. ஒடுங்கிய நீளமான படகு ‘பெல்லம்’. 1915 மே 31 அன்று வெள்ளக்காட்டில் குர்னா நகருக்கு வடக்கே இருந்த துருக்கிய நிலைகளைத் தாக்கியபோது படையினர் ஏறிப்போனது இதில்தான். இந்தப் படகுப் படங்களை உங்கள் முன்னோரே எடுத்தார் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கேமரா அதிகாரிகளின் கையில்தான் பெரும்பாலும் இருந்தது. 1912இல் வெளிவந்த சட்டைப்பைக் கோடாக் கேமராவின் படங்கள் ஏறத்தாழ 4 x 6.5 சென்டிமீட்டர் அளவே இருக்கும். அஞ்சலட்டை அளவில் இருப்பவை விற்பனைக்கு அச்சிட்ட பிரதிகளாக இருக்கலாம். அதே படம் வேறு பல வீடுகளிலும் இருக்கும். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இணையத் தொகுப்பில், அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஏரியல் வார்ஜஸ் மெசபடோமியாவில் எடுத்த படங்கள் உள்ளன, ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வகைப் படங்கள் எதைக் காட்டவில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். துணிப்பட்டி சுற்றிய கால்களும் ஒழுங்கான கூடார வரிசையும் தெரியும். வயிற்றுப்போக்கும் காலராவும் தெரியாது. 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை மெசபடோமியாவின் குட் நகரில் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டவர்களுள் இந்தியச் சிப்பாய்களை ஸ்கர்வி நோயும் வெள்ளைச் சிப்பாய்களை பெரிபெரியும் தாக்கின; இரண்டும் வைட்டமின் குறைவால் வருபவை. ஒரே முகாமில் இருந்தும் இரு தரப்பாருக்கும் வெவ்வேறு ரேஷன் என்பதே அதற்குக் காரணம். மருத்துவ ஏற்பாட்டின் சீர்கேடு எவ்வளவு என்பதை 1917இல் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கைதான் வெளிப்படுத்தியது, எந்த ஆல்பமும் அல்ல.

படைப்பிரிவு உறுதியான பின், பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 95 தொகுப்பில் அதன் போர் நாட்குறிப்பைத் தேடலாம். அதில் சாதாரணச் சிப்பாயின் பெயர் அரிதாகவே வரும். ஆனால் அவர் பிரிவு எந்த நாளில் எங்கே முகாமிட்டது என்பது கிடைக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இறந்தவர்களுக்கானது. திரும்பி வந்தவரை அதில் தேடிப் பயனில்லை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ‘இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த கல்வெட்டு உண்டா என்றும் விசாரியுங்கள்.

லேமினேட் செய்யவே கூடாது; அந்தச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் படத்தைப் பிறகு பிரிக்க முடியாது. இரு பக்கங்களையும் 600 டிபிஐ அளவிலும், மிகச் சிறிய படங்களை 1200 டிபிஐ அளவிலும் ஸ்கேன் செய்துகொண்டு, அமிலமற்ற காகித உறைகளில் தனித்தனியாக வையுங்கள். குறிப்பு எழுதுவதானால் உறையின் மேல், படத்தை உள்ளே வைக்குமுன், பென்சிலால் எழுதுங்கள். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். விளிம்பு எழுத்து தேய்ந்துவிட்டால், அவர் யார் என்று சொல்லும் ஒரே சான்றும் போய்விடும்.