நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்றால், தள்ளுவதும் அத்தனை சுலபமாகிவிடுமா?

பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்: நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது என்றால், அங்கே ஒரு பொருளைத் தள்ளி நகர்த்தவும் ஆறில் ஒரு பங்கு பலம் போதாதா? பையன் சரியான இடத்தில்தான் இடறியிருக்கிறான். ஒரு வேலைக்குப் போதும், இன்னொரு வேலைக்குப் போதாது.

நான் பிறந்தது திருவாரூரில். கனமான பொருள் என்றாலே எனக்கு ஆழித்தேர்தான் நினைவுக்கு வரும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 96 அடி உயரம், சுமார் 300 டன். அந்த 300 டன், அதாவது 3 லட்சம் கிலோகிராம், தேரின் நிறை, அதில் அடங்கிய பொருளின் அளவு. பூமி அதைக் கீழே இழுக்கும் விசைதான் எடை, 9.8ஆல் பெருக்கினால் 29 லட்சம் நியூட்டனுக்கும் சற்று அதிகம். தெரு அதே அளவு விசையால் தேரை மேல்நோக்கித் தாங்குகிறது. இரண்டும் சமன் ஆகிவிடுவதால், வடம் பிடிப்பவர்கள் அந்த 29 லட்சத்தோடு நேரடியாக மல்லுக்கட்டுவதில்லை. அவர்கள் தேரைத் தூக்கவில்லையே!

ஆனால் எடை மறைமுகமாக வந்து தொல்லை கொடுக்கும். தேர் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்ப அச்சிலும் தரையிலும் உராய்வு கூடும். தேர் கிளம்ப அடம்பிடிப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். நாம் பழி முழுவதையும் நிலைமத்தின், அதாவது இருக்கும் நிலையை மாற்ற விடாத பொருளின் குணத்தின், தலையில் போட்டுவிடுகிறோம்.

உராய்வு துளியும் இல்லாத ஒரு தெருவைக் கற்பனை செய்யுங்கள். ஒரே ஒருவர் 200 நியூட்டன் விசையோடு, அதாவது 20 கிலோ மூட்டையைத் தூக்கிப்பிடிக்கும் பலத்தோடு, தேரை இழுக்கிறார். நகருமா? நகரும். ஒரு நிமிடம் விடாமல் இழுத்தால் 1.2 மீட்டர் வந்திருக்கும். வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டரை எட்டியிருக்கும். இந்த மந்தத்துக்குக் காரணம் நிலைமம். நிலைமத்தின் அளவு நிறை. இதே தேரை நிலவில் நிறுத்தி இதே ஆளை இழுக்கச் சொன்னாலும், ஒரு நிமிடத்தில் அதே 1.2 மீட்டர்தான் வரும். 200ஐ 3 லட்சத்தால் வகுக்கும் இந்தக் கணக்கில் ஈர்ப்பு எங்கே வருகிறது?

ஆக, நிலவில் உராய்வு குறையும், அந்த அளவுக்குச் சுலபம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய நிகர விசையில் ஒரு நியூட்டன்கூடக் குறையாது.

குறைப்பதுதான் ஆபத்தான வேலை. நின்ற தேரை 10 நொடியில் நடை வேகத்துக்கு, நொடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், கொண்டுவர உராய்வுக்கும் மேல் 30,000 நியூட்டன் வேண்டும். ஆளுக்கு 200 என்றால் 150 பேர். அப்படி வரும் தேரை 1 மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த 1.5 லட்சம் நியூட்டன் தேவை. 750 பேரின் பலம்! உராய்வு கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதனால்தான் முட்டுக்கட்டைகள், அதற்கும் மேல் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த பிரேக்குகள். நிலவில் தேரோட்டம் நடந்தால் வடம் பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம், முட்டுக்கட்டை போடுபவர்களுக்குத் திண்டாட்டம். நிறுத்த வேண்டிய நிறை அப்படியே இருக்கும், உதவிக்கு வரும் உராய்வு மட்டும் ஆறில் ஒன்றாகிவிடும்.

மகனிடம் இன்னொன்றையும் கேளுங்கள். நேர்த்தெருவில் தேர் ஒரே சீரான வேகத்தில் வருகிறது. வடத்தின் இழுவிசை பெரியதா, உராய்வு பெரியதா? நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இழுவிசைதான் பெரியது, இல்லாவிட்டால் தேர் எப்படி நகரும்?" என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "பெரியது என்றால் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டுமே சார்" என்றாள். அன்று மணி அடித்ததால் தப்பித்தேன். மறுநாள் போய்த் திருத்திச் சொன்னேன். இரண்டும் சமம்தான். விசைகள் சமன் ஆனால் பொருள் நின்றுவிடும் என்பதில்லை, அதன் வேகமும் திசையும் மாறாது. நின்றது நிற்கும், ஓடியது ஓடும்.

சொற்கள் வேறு குழப்பும். கடைத்தெருவில் நாம் "எடை 60 கிலோ" என்கிறோம். கிலோ நிறைக்கு உரிய அலகு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கதையே வேறு: நம் நிறை அங்கே திணிவு, நம் எடை அங்கே நிறை, நம் நிலைமம் அங்கே சடத்துவம். யாழ்ப்பாணத்து நண்பரின் மகளுக்கு இணையவழியில் பாடம் சொன்னபோது, "நிலவுக்குப் போனாலும் நிறை மாறாது" என்றேன். "மாறும் சேர்" என்றாள். அரை மணி நேரம் வாதாடிய பிறகுதான் இருவர் சொன்னதும் சரி என்று தெரிந்தது.

நிலவுக்குப் போகாமலே மகன் இதைக் கையால் உணர ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஊஞ்சல் இருந்தால் போதும். எடையைச் சங்கிலி தாங்கிக்கொள்ளும், தரை உராய்வும் கிடையாது. தொங்கும் நிலையிலிருந்து சற்றே முன்னும் பின்னும் தள்ளட்டும். முதலில் வெறும் பலகையை, பிறகு நீங்கள் அதில் உட்கார்ந்த பின். ஆடி வரும் ஊஞ்சலை நடுவில் சட்டென்று பிடித்து நிறுத்தியும் பார்க்கட்டும். அவன் கை உணரும் வித்தியாசம் உங்கள் எடையால் வந்ததல்ல, நிறையால் வந்தது.